இடுப்ப அமுக்கின கை

ராத்திரி மணி ஒன்னே முக்கால். ரெண்டு பக்கமும் கிடங்குச் சுவரு... ஒரு வீடு கெடையாது, ஒரு கடை கெடையாது. மூணு கம்பம் தாண்டினா ஒரு கம்பத்துல லைட்டு எரியும். அந்த ரோட்டுல ஒரு ரொட்டி வேன் போகுது. உள்ள ரொட்டி இல்ல. காலித் தட்டுங்களுக்கு நடுவுல ஒரு பிள்ளத்தாச்சி. அவளுக்கு எதிர்ல, அவ மூஞ்சியப் பாத்தாலே ஆகாத ஒருத்தி.

கிட்ட வந்து உக்காருங்கடி எல்லாரும். மெஷின் இன்னிக்கு ஓடாது. மெக்கானிக் வர்ற வரைக்கும் வீட்டுக்கும் விடமாட்டான் அந்த சூப்பர்வைசர். லைட்ட வேற அணைச்சிட்டுப் போயிட்டான், கரண்ட மிச்சம் பண்றானாம். பேய்க்கதை வேணும்னு நீங்கதான கேட்டீங்க. அப்புறம் பாத்ரூம் போகணும், துணைக்கு வான்னு எவளாவது எழுப்பினா அறைஞ்சிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.

இது எனக்கு நடந்ததில்ல. நம்ம லேபிள் டேபிள்ல முன்ன ஒருத்தி இருந்தாளே, ஒல்லியா... ஊசின்னு கூப்பிடுவோம். அவளோட பெரியம்மா பொண்ணுக்கு நடந்தது. அந்தப் பொம்பள ரொட்டி ஃபேக்டரில மாவு பிசையறவ. இருபது வருசமா அதே வேலை. கை ரெண்டும் உலக்கை மாதிரி இருக்குமாம். ரொட்டிக்காரின்னே சொல்றேன் நான், உங்களுக்குக் குழப்பம் வேணாம்.

பிள்ளத்தாச்சி யாருன்னா, ரொட்டிக்காரியோட தம்பி பொண்டாட்டி. தம்பிக்குக் கப்பல்ல வேலை. வருசத்துக்கு ஒரு தடவ வருவான், ஒரு மாசம் இருப்பான், போயிடுவான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ரெண்டு பொம்பள. நான் சொல்லணுமா?

ஏழு மாசமா பேச்சு வார்த்தை இல்ல ரெண்டு பேருக்கும். சண்டை எதுல ஆரம்பிச்சுது... மிக்ஸில. ஆமா, சிரி. ரொட்டிக்காரி ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்குவா. தம்பி பொண்டாட்டி பதினோரு மணிக்கு மிக்ஸிய ஓட்டுவா. ஆளு தூங்கறது தெரியலயான்னு அவ கேக்க, நான் ரெண்டு உசிருக்குத் திங்கணும், பெத்திருந்தா தெரியும்னு இவ சொல்லிட்டா. நாக்குல நரம்பு இருக்கறவ சொல்ற வார்த்தையா அது? ரொட்டிக்காரிக்குப் புள்ள இல்ல. பதிமூணு வருசம் பாத்துட்டு, அதையே காரணம் சொல்லி, புருசன் வேற ஒருத்தியோட போயிட்டான். அது தெரிஞ்சேதான் சொன்னா.

அன்னிலேர்ந்து நேரா பேசிக்க மாட்டாங்க. சுவத்தப் பாத்துப் பேசுவாங்க. பால் பொங்குது, பாக்கறவங்க பாக்கலாம்னு இவ அடுப்புகிட்ட சொல்லுவா. தண்ணி தீந்துபோச்சு, யாரோ ரெண்டு வாளி சேத்து ஊத்திக்கறாங்கன்னு அவ கதவுகிட்ட சொல்லுவா. பதில் கெடையாது. ஆனா பால் எறங்கிடும், தண்ணி ரொம்பிடும். வாயே தொறக்காம ஒரு குடும்பம் நடந்துச்சு அங்க.

அன்னிக்கு ரொட்டிக்காரிக்கு வார லீவு. ஒன்னேகால் மணிக்கு முழிப்பு வருது. பாத்தா ரூம் வாசல்ல தம்பி பொண்டாட்டி நிக்கறா. கதவத் தட்டல, கூப்பிடல. நிலையப் பிடிச்சுக்கிட்டு, சுவத்தப் பாத்து சொல்றா.

"பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு."

காலடியில தண்ணி நிக்குது. அப்பவும் சுவத்தப் பாத்துதான். என்ன திமிரு பாரு.

ரொட்டிக்காரி ஃபேக்டரி வேன் ஓட்டற பெரியவருக்குப் போன் போட்டா. அவரு வந்தாரு. பின்னால ஏத்தினாங்க. அதான் அந்த ரோடு, அந்த ஒன்னே முக்கால் மணி.

கிடங்கெல்லாம் பாதி தாண்டியிருப்பாங்க, வலி எடுத்துச்சு. வண்டி ஆடறது தாங்க முடியல, நிறுத்தச் சொல்லுங்கன்னு அவ ரொட்டித் தட்டுகிட்ட சொல்றா. ரொட்டிக்காரி முன்பக்கத் தகரத்தத் தட்டினா. வண்டி நின்னுச்சு. எஞ்சின அணைச்சாரு. சத்தமே இல்ல... அவ மூச்சு மட்டும். உஸ்ஸுனு இழுத்து, ம்ம்ம்னு விடறா. தட்டோட கம்பியப் பிடிச்சிருக்கா, அந்தக் கம்பி கடகடன்னு ஆடுது. ரொட்டிக்காரி எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருந்தா. கை நீட்டல.

என்னடி முறைக்கற? நீ பெரிய தியாகி. உன் நாத்தனாருக்கு ஒரு டம்ளர் காப்பி குடுத்திருக்கியா நீ?

வலி எறங்குச்சு. பெரியவரு எஞ்சின ஸ்டார்ட் பண்ணப் போறாரு... அப்ப வண்டி பின்னால ஒரு அழுத்து அழுந்தி எழுந்துச்சு. ஸ்பிரிங் கிறீச்சுன்னுச்சு. யாரோ எறங்கி ஏறியிருக்காங்கன்னு அவரு நெனச்சுக்கிட்டாரு. பின்னால இருந்த ரெண்டு பேரும் எடத்த விட்டு அசையவே இல்ல. இது அவரு ரொம்ப நாள் கழிச்சு சொன்னது.

ஆசுபத்திரி சின்னது. கீழ பிரசவ வார்டு, மேல ஆபரேசன் ரூம், அதுக்குப் பக்கத்துல டாக்டர் படுத்துக்கற ரூம். ராத்திரிக்கு ஒரே ஒரு நர்ஸு, ஒரே ஒரு ஆயா. அந்த நர்ஸு வாயத் தொறந்தா சுடுதண்ணி. ஆனா வேலைல கெட்டி.

"கத்தினா புள்ள வந்துடுமா? மூச்ச விடு. இடது பக்கம் திரும்பிப் படு. நீ யாரு, நாத்தனாரா? கை இருக்குல்ல, வேடிக்கை பாக்கவா வந்த?"

பிடிச்சு இழுத்து ஸ்டூல்ல உக்கார வெச்சா. தம்பி பொண்டாட்டி சுவத்தப் பாத்துப் படுத்திருக்கா, முதுகு இந்தப் பக்கம். நர்ஸு எண்ணெயத் தொட்டு, எடத்தக் காட்டினா. இடுப்புக்குக் கீழ, முதுகெலும்பு முடியற எடத்துல ரெண்டு குழி இருக்கும்ல... அந்த ரெண்டுக்கும் நடுவுல. விரலால இல்ல. உள்ளங்கையில, மணிக்கட்டு ஓரமா ஒரு மேடு இருக்கே, அதால.

"வலி ஏறும்போது நீயும் ஏறு. உடம்பு பூரா அதுல சாய். எறங்கும்போது மெதுவா விடு. நடு வலியில கைய எடுத்தியோ, உன்னப் படுக்க வெச்சிடுவேன் அங்க."

இன்னொன்னும் சொல்லிக் குடுத்தா. இதக் கவனமா கேளுங்க. பிரசவம்னா அஞ்சு மணி நேரம் ஆகும், பத்து மணி நேரம் ஆகும். ஒரே ஆளு அமுக்க முடியாது, கை செத்துடும். ஆயா வந்து மாத்தி விடுவா. எப்படி மாத்தணும்னா... வர்றவ தன் கைய இருக்கறவ கை மேல வெக்கணும். வெச்சு, "விடு, நான் இருக்கேன்"னு சொல்லணும். படுத்திருக்கறவளுக்கும் கேக்கணும் அது. அப்புறம்தான் இருக்கறவ அடியிலேர்ந்து கைய உருவிக்கணும். முதுகு ஒரு நொடி கூட வெறுமையா இருக்கக் கூடாது. வெறுமையாச்சுன்னா பயந்துடுவா, பயந்தா வலி ரெண்டு மடங்கு.

சொல்லிட்டு நர்ஸு அடுத்த ரூமுக்குப் போயிட்டா. அங்க வேற ஒருத்தி கத்திட்டிருந்தா.

ரொட்டிக்காரி கை வெச்சா. ஏழு மாசம் கழிச்சு மொதத் தடவையா தொடறா அவள. வலி ஏறுச்சு. மாவு பிசையறவளாச்சே, எங்க சாயணும், எவ்வளவு சாயணும்னு கைக்குத் தெரியும். அமுக்கினா. அந்தப் பக்கத்துலேர்ந்து ம்ம்ம்னு சத்தம் வந்து... கொஞ்சம் தணிஞ்சுது.

"இன்னும் கீழ"ன்னு சுவத்துகிட்ட சொன்னா அவ.

இவ கீழ நகத்தினா. நல்லா இருக்கான்னு கேக்கல. அவளும் நல்லா இருக்குன்னு சொல்லல.

உண்மையச் சொல்லணும்ல... அமுக்கறப்ப ரொட்டிக்காரி மனசுல என்ன ஓடுச்சுன்னா, பெத்திருந்தா தெரியும்னியே, இப்பத் தெரியுதா உனக்குன்னுதான். ஊசிகிட்ட அவளே சொல்லியிருக்கா. ஒவ்வொரு அமுக்குக்கும் அதே வார்த்தை. ஆனா கை வேலைய விடல. தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்களே. உள்ள இருக்கறது தம்பி புள்ள.

நாலு மணி ஆச்சு. வலி மூணு நிமிசத்துக்கு ஒன்னு வருது. ரொட்டிக்காரிக்கு மணிக்கட்டு வீங்கிடுச்சு. தோள்பட்டை தனியா கழண்டு விழற மாதிரி ஆயிடுச்சு. கட்டில் கம்பில நெத்திய முட்டுக் குடுத்து, கண்ண மூடிக்கிட்டு, கை மட்டும் அமுக்கிட்டு இருக்கு.

அப்ப அவ கை மேல ஒரு கை வந்து உக்காந்துச்சு.

சூடான கை. காய்ச்சல் அடிக்கறவ கைய தொட்டுப் பாத்திருக்கீங்களா... அந்தச் சூடு. நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருக்கு, சதை தெரியற அளவுக்கு. ஈரத்தோட மடிச்சு வெச்சு நாலு நாள் கழிச்சுப் பிரிச்ச துணி மாதிரி ஒரு வாசம்.

ஆயா வந்துட்டான்னு நெனச்சா. "விடு, நான் இருக்கேன்"னு குரல் வரல. வராதது இவளுக்கு வித்தியாசமா தோணல பாரு... அதான் விசயம். அந்த வீட்டுல ஏழு மாசமா எல்லா வேலையும் சொல்லாமத்தான் கைமாறியிருக்கு. இவ யாருன்னு கேக்கல. கண்ணத் தொறக்கல. அடியிலேர்ந்து கைய உருவிக்கிட்டா.

வேற யாரா இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்க. யாருன்னு ஒரே ஒரு வார்த்தை.

கைய மடில போட்டுக்கிட்டு அப்படியே கம்பில சாஞ்சிருந்தா. எண்ணெய்ல தோல் உரசற சத்தம் கேக்குது... சரக்... சரக்... நிதானமா, அவசரமில்லாம. படுத்திருக்கறவ பெருமூச்சு விட்டா. "அப்பாடா"ன்னா. இதுவரைக்கும் இவ அமுக்கினப்ப ஒரு தடவ கூட வராத வார்த்தை. இவளுக்கு அது சுருக்குன்னுச்சு. ஆயா கைன்னா இனிக்குதோன்னு நெனச்சா.

கதவு தொறந்துச்சு. ஆயா உள்ள வந்தா, கையில வெந்நீர்ச் சட்டியோட.

ரொட்டிக்காரி கண்ணத் தொறந்தா. ஆயா கதவுகிட்ட நிக்கறா. ரூம்ல வேற யாரும் இல்ல. சரக்... சரக்...

ரெண்டு பேரும் முதுகப் பாத்தாங்க. அந்த ரெண்டு குழிக்கும் நடுவுல தோல் உள்ள அமுங்குது. ஒரு உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். அது வட்டமா நகருது, நின்னு அழுத்துது, திரும்ப நகருது. எண்ணெய் பளபளன்னு ஓரமா ஒதுங்குது.

ஆயா சட்டியக் கீழ வெச்சா. மெதுவா, சத்தமில்லாம வெச்சா. திரும்பிப் போயிட்டா. அவ்வளவுதான், விடிஞ்சும் வரல, அப்புறம் அந்த ஆசுபத்திரிப் பக்கமே வரல.

ரொட்டிக்காரி ஸ்டூலோட பின்னால நகந்துட்டா. அதுக்குள்ள நர்ஸு வந்தா. ரொட்டிக்காரி அந்த முதுகக் கைகாட்டறா, நர்ஸு அதப் பாக்காம வயித்தப் பாக்கறா.

"எங்க, வலி வரலயா?"

"இல்ல சிஸ்டர். வலியே இல்ல." சிரிக்கறா. "சுகமா இருக்கு."

"சுகமா இருக்கறதுக்கா இங்க வந்த? இன்னும் ஒரு விரல் அளவு தொறந்தா புள்ள வந்துடும். இப்பப் போய் வலி நின்னா எப்படி?"

நர்ஸு ஊசி போட்டா. பாட்டில் மாட்டினா. இருபது நிமிசம் பாத்தா. கல்லு மாதிரி கெட்டியாகணும் வயிறு... பஞ்சு மாதிரி இருக்கு. துடிப்பு கேக்கற மெஷின வயித்துல வெச்சா. டப்டப்டப்டப்புன்னு ஓடிட்டிருந்தது இப்ப டப்... டப்... டப்... நம்பர் நூத்தி நாப்பதுலேர்ந்து நூத்திப் பத்துக்கு வந்துடுச்சு. பாட்டில நிறுத்தினா. கைய ஒதறிக்கிட்டு, டாக்டரக் கூட்டிட்டு வரேன், அசையாதன்னு சொல்லி மாடிப்படி ஏறி ஓடினா.

புரியுதா என்ன நடக்குதுன்னு? வலியக் கொறைக்கத்தான் அமுக்கறோம். அந்தக் கை வலிய மொத்தமா எடுத்துடுச்சு. வலி இல்லன்னா புள்ள எறங்காது. உள்ளயே இருக்கும், மூச்சுத் தெணறி.

ரொட்டிக்காரிக்கு அது புரிஞ்சுது. புரிஞ்சதும் நர்ஸு சொல்லிக் குடுத்த முறைதான் ஞாபகம் வந்துச்சு. கை மேல கை வெச்சா, அடியில இருக்கற கை போயிடணும். எழுந்து போனா. அந்தப் பள்ளத்து மேல தன் கைய எறக்கினா... காத்துல, தோலுக்கு ஒரு விரக்கடை மேலயே கை முட்டுச்சு. சூடு. எலும்பு. விரல் கணு ஒவ்வொன்னும் தெரியுது.

"விடு. நான் இருக்கேன்"னு சொன்னா.

அது விடல. அந்த விரலெல்லாம் மேல வளைஞ்சுது. இவ விரல ஒன்னொன்னா எடுத்து... பக்குவமா, தூங்கற கொழந்தை கைலேர்ந்து சாமான எடுப்போமே, அந்த மாதிரி எடுத்து... கட்டில் ஓரத்துல வெச்சுது. வெச்சுட்டுத் திரும்ப அமுக்க ஆரம்பிச்சுடுச்சு.

கிட்ட வாங்கன்னா வரல, இப்ப என் மடிலயே ஏறி உக்காந்திருக்கா பாரு இவ. தள்ளுடி. கால் மரத்துப் போச்சு.

மெஷின் அங்க ஓடிட்டே இருக்கு. நூறு. தொண்ணூத்தாறு. ரொட்டிக்காரி குனிஞ்சு, ஏழு மாசத்துல மொதத் தடவையா நேரா பேசினா.

"ஏய். நான்தான் பேசறேன். திரும்பு இந்தப் பக்கம். உன் முதுகுல இருக்கறது என் கை இல்ல. யாரு கையும் இல்ல அது."

"தெரியும்."

அப்படித்தான் சொன்னா. சுவத்தப் பாத்துக்கிட்டே.

"தெரியும் அண்ணி. உங்க கைல வெறுப்பு இருந்துச்சு. ஒவ்வொரு அமுக்குலயும் தெரிஞ்சுது எனக்கு. இதுல இல்ல. நீங்க போங்க."

ரொட்டிக்காரிக்கு அப்ப எப்படி இருந்திருக்கும்? ராத்திரி பூரா கை வீங்க அமுக்கினவ. மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்திருக்கும். அதவிட மோசம், அவ சொன்னது நெசம். கெஞ்சிப் பாத்தா. புள்ள செத்துடும்னா. தோளப் பிடிச்சு இழுத்துப் பாத்தா, ரெண்டு மூட்டை மாவ ஒத்தையில தூக்கறவ, அசைக்க முடியல. எண்பத்தி எட்டு. மாடியில கதவத் தட்டற சத்தம் கேக்குது, டாக்டர் இன்னும் எழுந்துக்கல.

அப்ப அவ வாயிலேர்ந்து வந்துச்சு அது.

"சரி, தூங்கு. நல்லாத் தூங்கு. மேல கொண்டுபோய் வயித்தக் கிழிச்சு எடுப்பாங்க. நீ போயிடுவ. புள்ள எனக்கு. என்னத்தான் அம்மான்னு கூப்பிடும். உன் பேரக் கூட அதுக்குச் சொல்ல மாட்டேன். உன் போட்டோவ எல்லாம் அடுப்புல போட்டுட்டு, அந்தச் சூட்டுல பாலக் காய்ச்சி என் புள்ளைக்குக் குடுப்பேன். பெத்திருந்தா தெரியும்னு சொன்னல்ல... பெக்காமலே வளக்கறேன் பாரு. ஏழு மாசமா இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். போ. சீக்கிரம் போ."

கேக்கவே கூசுதுல்ல? நடிப்பா நெசமான்னு ஊசி கேட்டிருக்கா. சொல்லும்போது எனக்கே தெரியலடின்னாளாம்.

தம்பி பொண்டாட்டி திரும்பினா. வெடுக்குன்னு, கையில மாட்டியிருந்த ட்யூப் பிச்சுக்கிட்டுப் போக, மலந்து திரும்பி, எழுந்து, ரொட்டிக்காரி முடியக் கொத்தாப் பிடிச்சா. "கொன்னுடுவேன். என் புள்ளையத் தொட்டா கொன்னுடுவேன்." கண்ணு ரத்தமா இருக்கு. பல்லக் கடிக்கறா. கடிச்ச வேகத்துல வயிறு கெட்டியாச்சு... வலி வந்துடுச்சு. இத்தன நேரம் தேங்கி நின்ன வலியெல்லாம் மொத்தமா வந்துச்சு.

அவ முடிய விடல. இவ விடுவிச்சுக்கவும் இல்ல. முடியப் பிடிச்சு இழுத்துக்கிட்டேதான் முக்கினா. ரொட்டிக்காரி குனிஞ்ச தலையோட நின்னா. அப்பத்தான் கட்டிலப் பாத்தா. அவ எழுந்துக்கிட்டதால மெத்தை காலியா இருக்கு. ரெக்சின் மெத்தை. அதுல பள்ளம் விழுது. இங்க ஒன்னு... அங்க ஒன்னு... தலகாணி கிட்ட ஒன்னு... கண்ணு தெரியாதவங்க தரையில விழுந்தத துழாவற மாதிரி. முதுகத் தேடுது.

நர்ஸும் டாக்டரும் எறங்கி வந்தப்ப தலை தெரிஞ்சிடுச்சு. பொம்பளப் புள்ள. நீலமா இருந்து, தட்டினதுக்கப்புறம் அழுதுச்சு. அம்மாவும் புள்ளையும் பொழைச்சாங்க. தம்பி பொண்டாட்டி கைய விரிச்சப்ப ஒரு கைப்பிடி முடி இருந்துச்சாம் அதுல.

அப்புறம் என்ன, ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதாங்களான்னு கேப்ப நீ. வாழ்க்கை என்ன உன் சீரியலா? தம்பிக்குப் போன் போச்சு, உங்க அக்கா என்ன சாகச் சொன்னா, புள்ளைய எடுத்துக்கறேன்னு சொன்னான்னு. தம்பி அக்காவ ஒரு வார்த்தை கேட்டான், சொன்னியான்னு. சொன்னேன்னா. கை, பள்ளம், அதெல்லாம் சொன்னா யாரு நம்புவா? ஆயாவும் இல்ல சாட்சிக்கு. அன்னிக்கே ரொட்டிக்காரி துணிமணிய எடுத்துக்கிட்டு ஃபேக்டரி பக்கத்துல ஒரு ரூமுக்குப் போயிட்டா. புள்ளையத் தூக்கல. விரலால தொடக் கூட விடல அவ. தெருவுல எதிர்ல வந்தா புள்ளைய முந்தானையில மூடிப்பாளாம்.

யாரு கை அதுன்னு கேக்காத. தெரியாது. அங்க எவளாவது செத்தாளா, ரோட்டுல எவளாவது ஏறினாளா... ஒன்னும் தெரியாது. தெரிஞ்சா இத்தன நேரம் சொல்லாம இருப்பேனா?

இது நடந்து மூணு வருசம். கதை முடியல இன்னும். வாய மூடிட்டுக் கேளு.

தம்பி போன வருசம் வந்துட்டுப் போனான். அவ திரும்ப உண்டானா. துணைக்கு யாரு இருக்காங்கன்னு ஊசி போன்ல கேட்டிருக்கா. ஆளு இருக்குன்னாளாம். யாருன்னா, பழைய ஆளுதான்னாளாம்.

ஊசிக்கு மனசு கேக்கல. போன வாரம் வீட்டுக்கே போனா. டாக்டர் குடுத்த தேதி தாண்டிப் பன்னெண்டு நாள் ஆயிடுச்சு. அவ இடது பக்கம் திரும்பி, சுவத்தப் பாத்துப் படுத்திருக்கா. சிரிச்ச முகம். வலியே இல்ல, கொஞ்சம் கூட இல்லங்கறா. ரூம் பூரா அந்த ஈரத்துணி வாசம். ஊசி முதுகுப் பக்கம் போகல, பயந்துட்டா.

ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதானன்னு கேக்கறல்ல? நாலு ஆம்பளைங்க வந்தாங்க ஸ்ட்ரெச்சரோட. கட்டில் நகந்துச்சு, அவள அதுலேர்ந்து தூக்க முடியல. கட்டிலோட தூக்கலாம்னா அது கதவுல நுழையல. ஆசுபத்திரிலேர்ந்து அதே நர்ஸு வந்து, துடிப்பு மெஷின வெச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கா. முந்தாநாள் நூத்தி முப்பது.

வேற வழியில்லாம ஊசி ரொட்டிக்காரியக் கூட்டிட்டுப் போனா. மூணு வருசம் கழிச்சு அந்த வீட்டு வாசப்படி ஏறினா. கட்டில் பக்கத்துல நின்னு, போன தடவ சொன்னதெல்லாம் ஒரு வார்த்தை விடாம சொன்னா. போட்டோ, அடுப்பு, பால்... எல்லாம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிடுச்சு. அவ திரும்பல. சிரிச்சுட்டு, "பழசத்தான சொல்றீங்க அண்ணி, அது இப்ப உறைக்கல"ன்னா.

போன தடவையவிட மோசமா ஏதாவது சொல்லணும். அப்பத்தான் திரும்புவா. என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு ரொட்டிக்காரி நேத்து காலைலேர்ந்து அந்த ரூம் வாசல்ல உக்காந்திருக்கா.

நான் இன்னிக்கு ஷிப்டுக்குக் கிளம்பறப்ப ஊசி பேசினா. துடிப்பு தொண்ணூத்தி ஆறாம். என்னடி, உங்க அக்காவுக்கு ஒரு கெட்ட வார்த்தை கூடவா வரலன்னு கேட்டேன். அந்த மூணு வயசுப் பொண்ணு இருக்குல்ல... தூக்கறதுக்கு ஆளில்லாம அழுதுட்டுக் கெடந்தது, தானா வந்து ரொட்டிக்காரி மடில படுத்துக்கிச்சாம். இவ விரலப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குதாம். எவ்வளவு முக்கி முக்கிப் பாத்தும், அவ மேல கோவமே வரமாட்டேங்குதுன்னு சொல்லி அழறாளாம்.